கதவு மூடியிருக்கும் வரைவுகள்

காலையில் எழுந்து பல் துலக்குகிறேன். இரண்டு முட்டையை வேகப்போட்டுவிட்டுச் சட்டை மாட்டுகிறேன். முட்டையை நின்றுகொண்டே தின்கிறேன். ஓட்டைக் குப்பையில் போடுகிறேன். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ட்ரக்கை எடுக்கிறேன். த்ரீ நாட்ச் சாலையில் அந்த நேரத்தில் எல்லா வண்டியும் விமானத்தளத்துக்குத்தான் போகும். வாசல் காவலர் அட்டையைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே போய் என் பழைய அறையின் வாசலில் நின்று மணியை அழுத்துகிறேன். யாராவது எழுந்து சுவரிலுள்ள சிவப்பு விளக்கைப் போடுவார்கள். அது சுழலும். எல்லோரும் திரைகளை அணைப்பார்கள். பிறகு காகிதக் கட்டையும் டோனரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போவேன்.

அனுமதி இல்லாத ஆள் அறைக்குள் வந்தால் அந்த விளக்கைப் போட வேண்டும். ஏழு வருடம் நானே போட்டிருக்கிறேன், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்காக. முதல் நாள் எனக்காக அது சுழன்றபோது தாடியஸ், பக்கத்து மேசைக்காரன், "ப்ளம்பர் வந்தாச்சு, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றான். நான் சிரித்தேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவனும் இப்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டு ஷூ லேஸைக் கட்டுகிறான்.

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாக எழுத உட்காரவில்லை. அரசாங்கம் எழுதச் சொன்னது. என் கிளியரன்ஸை, அதாவது ரகசிய வேலை பார்ப்பதற்கான அனுமதியை, ஏன் திரும்பத் தரக்கூடாது என்பதற்குக் காரணங்களை வரிசையாக எண் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். முதல் தலைப்பு பணம். அதில் அ முதல் ஈ வரை நான்கு கடன்கள். இரண்டாவது தலைப்பு நடத்தை. அதில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுத வேண்டும். விருப்பமிருந்தால் விளக்கம் இணைக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். கிளியரன்ஸ் போனால் இந்த ஊரில் எனக்கு வேலை இல்லை, வீடும் நிற்காது.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இது வருகிறது.

கீழே உள்ள எண்கள் அவர்களுடையவை. வரிசையை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

1.அ

பால்டிமோர் மருத்துவமனை. இருபத்து மூன்றாயிரத்துச் சொச்சம் டாலர். வசூல் நிறுவனத்துக்குப் போய்விட்டது.

முதலில் இந்தக் கதையை ‘எமெட்’ என்ற ஒருவனைப் பற்றி எழுதினேன். எமெட்டுக்கு என் வயது, என் வேலை. அவன் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். ‘எமெட் நேர்மையான மனிதன்’ என்று தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். நான் அழவில்லை. அங்கே கார் நிறுத்தக் கட்டணம் மணிக்கணக்கில். சீட்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். எமெட் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவனை அனுப்பிவிட்டேன்.

என் பெயர் நோலன் மாட்டிங்லி. மனைவி பெயர் கொரின். படகுத்துறையில் கணக்கு பார்த்தவள். போன ஏப்ரலில் இறந்தாள். கொரின் ஒரு

[இந்த வாக்கியம் ஆறு முறை இங்கேயே நின்றுவிட்டது. நிற்கட்டும்.]

கடைசி மருந்துக்குக் காப்பீடு பணம் தர மறுத்தது. சோதனை நிலையிலுள்ள மருந்து என்று சொன்னார்கள். நான் சோதனை விமானங்களில் அதிர்வு அளவுகளைப் படிக்கிற ஆள். ‘சோதனை நிலை’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இருந்தும் பணத்தை நானே கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒப்புக்கொள்கிறேன்.

1.ஆ

ஆம்புலன்ஸ். இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

1.ஈ

நாற்காலி. பொத்தானை அழுத்தினால் மெதுவாக மேலே எழும்பி ஆளை நிற்கவைத்துவிடும். ஒரு வருடம் வட்டி இல்லை என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு தவணை கட்டினேன். மூன்றாவதைக் கட்டவில்லை.

சமையலறைக்கு அடுத்த அறையில் போட்டேன். முதல் தடவை உட்கார்ந்ததும் கொரின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அது முனகிக்கொண்டே அவளைத் தூக்கி நிறுத்தியது.

"என்னைவிட இதுக்கு உடம்பு நல்லா இருக்கு" என்றாள்.

"பிடிச்சிருக்கா?"

"எவ்வளவு?"

"கட்டியாச்சு."

"எவ்வளவுன்னு கேட்டேன். கட்டியாச்சான்னு கேக்கல."

"கட்டியாச்சு கொரி, விடு."

விட்டுவிட்டாள். கணக்குப் பார்க்கிறவள், விட்டுவிட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு அந்த நாற்காலிக்கு அவள் வேறு ஒரு வேலை கண்டுபிடித்தாள். பார்க்க வருகிறவர்கள் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால், முகத்தில் எதுவும் காட்டாமல் பொத்தானை அழுத்துவாள். நாற்காலி முனகிக்கொண்டு எழும்பும். பேசிக்கொண்டிருப்பவர்கள் அவளுக்கு ஏதோ வேண்டும் போல என்று தாங்களும் எழுந்துவிடுவார்கள். எழுந்தபின் திரும்ப உட்கார யாருக்கும் தோன்றாது. தேவாலயத்துப் பெண்களை அப்படித்தான் வாசல்வரை கிளப்புவாள். சமையலறையில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால், அவர்களுடைய கோட்டுகளை எடுத்துக் கொடுக்கப் போவேன்.

எங்களுக்குள் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். போதும்.

1.இ

கிரெடிட் கார்டு. வீட்டுத் தவணையையே சில மாதம் அதில்தான் கட்டினேன். இதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உடம்பு முடியாமல் போகும்வரை வீட்டுக் கணக்கெல்லாம் கொரின் கையில் இருந்தது. பிறகு நான் வாங்கிக்கொண்டேன். வருகிற கடிதங்களை அவள் கண்ணில் படாமல் ட்ரக் சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் திணித்துவைத்தேன். வசூல்காரர்கள் போன் செய்தால் வெளியே போய்ப் பேசுவேன்.

"யாரு?" என்பாள்.

"ஆபீஸ்."

"உன்னை ரொம்பத்தான் தேடுறாங்க. நீ இல்லாம ஹெலிகாப்டர் பறக்காதா?"

"பறக்காது."

"பாவம் ஹெலிகாப்டர்" என்பாள்.

இந்த உரையாடலை நான் மெருகேற்றவில்லை. அவள் இப்படித்தான் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் ஹெலிகாப்டருக்குத்தான் பாவம் பார்த்தாள்.

2.அ

இங்கே கடிதத்தின் வாசகத்தை அப்படியே எடுத்தெழுத வேண்டும். சட்ட மொழி எனக்கு வராது. பொருள் இதுதான்: புலனாய்வாளர் நேரில் கேட்டபோது, வசூலுக்குப் போன கடன் எதுவும் இல்லை என்று விண்ணப்பதாரர் தெரிந்தே பொய் சொன்னார்.

[பிப்ரவரியில் கிளியரன்ஸைப் புதுப்பிக்கப் படிவம் நிரப்பியபோதும் இதே கேள்வி வந்தது. அப்போது ‘இல்லை’ என்பது உண்மை. ஏப்ரலுக்குள் உண்மை மாறிவிட்டது.]

இதைப் பற்றி ஆலோசனை கேட்க கிரெட்சன் லூவல் என்ற வக்கீலிடம் போனேன். முன்பு கடற்படையில் இருந்தவர். தளத்தின் வாசலுக்கு எதிரே, முடிவெட்டும் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் அலுவலகம். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. பீட்சா வாசனையோடு.

"கடனைப் பத்திக் கவலைப்படாதீங்க, மிஸ்டர் மாட்டிங்லி" என்றார். "மனைவிக்கு முடியல, காப்பீடு கைவிட்டுருச்சு. இந்த நீதிபதிங்க ஒண்ணும் கல்லு இல்ல. முதல் தலைப்பை முழுக்க ஒப்புக்கோங்க. இப்போ தவணை கட்டிட்டு வர்ற ரசீதை வைங்க. கடனை மன்னிப்பாங்க."

"ரெண்டு?"

"ரெண்டுதான் வேலையைத் தின்னும். கடன் யாருக்கும் வரும். பொய் சொல்ற ஆளை நம்பி எதைக் குடுக்குறதுன்னு கேப்பாங்க. ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"என்னால அவளை விட்டு வர முடியல. அதனால அந்த ஆள் வீட்டுக்கே வந்து விசாரிச்சாரு. கொரின் பக்கத்து அறையில இருந்தா. எவ்வளவு கடன்னு அவ காதுல விழக்கூடாதுன்னு..."

"கதவு சாத்தியிருந்ததா?"

"சாத்தியிருந்துது."

"சாத்தியிருந்தா எப்படி விழும்?"

நான் ஜன்னல் வழியே தளத்தின் வாசலைப் பார்த்தேன்.

"விசாரணையப்ப வேற யாரும் கேக்கக்கூடாது. திறந்திருந்ததுன்னா அதுவே ஒரு தப்பு" என்றார். "சாத்தியிருந்ததுன்னா உங்க காரணம் நிக்காது. எதுவா இருந்தாலும் சாட்சி இல்ல." பேனாவை மூடி வைத்தார். "நீங்க இதுவரைக்கும் சொன்னதை நான் எழுதல. ஒண்ணு கேக்குறேன். வீட்டுல பில்லெல்லாம் யாரு பாத்துக்கிட்டாங்க?"

"கொரின்."

"கடைசி வரைக்குமா?"

சொல்ல வாயெடுத்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நான் கேள்விதான் கேக்குறேன், பதில் உங்களோடது. ஆனா பில்லெல்லாம் அவங்ககிட்டயே இருந்து, அவங்க உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தாங்கன்னா, உங்களுக்குத் தெரியாத ஒண்ணை நீங்க மறைச்சிருக்க முடியாது. அது வேற கேஸ், மிஸ்டர் மாட்டிங்லி. அந்தக் கேஸை நான் நிறைய ஜெயிச்சிருக்கேன்."

வெளியே வந்து பீட்சா வாங்கினேன். பசிக்கவில்லை.

2.அ (மீண்டும்)

ட்வயரிடம் சொன்னேன். கொரினின் அண்ணன். படகு வைத்திருக்கிறான். கோடையில் நண்டு, குளிரில் சிப்பி. துறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தான். வக்கீல் கேட்டதைச் சொல்லி முடிக்கும்வரை கத்தியை நிறுத்தவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, மச்சான்? கொரிதான் மறைச்சான்னு சொல்லிடு."

"அவ மறைக்கல."

"அவ இப்ப உயிரோட இல்ல. அவளுக்கு இனிமே எந்த கேட்லயும் அட்டை காட்ட வேண்டியதில்ல. உனக்கு வேணும்."

"உன் தங்கச்சி பொய்க்காரின்னு எழுதச் சொல்றியா?"

"எழுதிக்கோ. ஏதோ ஒரு ஃபைல்ல கிடக்கும். யாரு படிக்கப்போறா? அந்த வீட்டை வித்துட்டு நீ ஒஹையோவுக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போய் மாடிப்படிக்குக் கீழ படுத்துக் கிடக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை. அவளைக் கேட்டா அவளே எழுதித் தருவா. கையெழுத்து உன்னைவிட நல்லா இருக்கும்." ஒரு சிப்பியைக் கத்தி நுனியில் நீட்டினான். "தின்னு. எலும்பா இருக்க."

தின்றேன். உப்பும் குளிரும்.

"பாதி உண்மைதானே அது" என்றான். "அவளுக்குத் தெரியும்ல."

"என்ன தெரியும்?"

கத்தி நின்றது.

"அவ உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"அடக் கடவுளே." கையுறையைக் கழற்றினான். கழற்றினால்தான் பேச முடியும் போல. "மார்ச்சுல என்னைக் கூப்பிட்டா. அப்பா படகுல அவ பங்கை வாங்கிக்கிறியான்னு கேட்டா. எதுக்குடின்னேன். ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது ட்ரக்ல போர்வை தேடினாளாம். சீட்டுக்குப் பின்னால கையை விட்டா காகிதமா கொட்டுச்சாம். நீ மருந்துக்கடைக்குள்ள போயிருந்தியாம். எல்லாத்தையும் மடியில வெச்சுக் கூட்டிப் பாத்திருக்கா. நீ வர்றதுக்குள்ள திரும்ப அடுக்கி வெச்சுட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்கிட்ட எங்கடா இருக்கு காசு? இல்லைன்னேன். சிரிச்சா. 'சரி, அவனாச் சொல்லட்டும், நான் கேக்கமாட்டேன்'னா." வாளியிலிருந்து எழுந்தான். "உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியாது. நல்ல குடும்பம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டான்.

[வாசகரே, ஒரு கதைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். எந்தச் செய்தி ஒருத்தி காதில் விழக்கூடாது என்று பொய் சொன்னேனோ, அந்தச் செய்தி அவளுக்கு முன்பே தெரியும். வேறு யாராவது எழுதினால் இங்கே முடித்துவிடுவார்கள். கையுறையோடு. எனக்கு இன்னும் கதவு பாக்கி இருக்கிறது.]

2.அ (புலனாய்வாளர் வந்த நாள், கதவு மூடியிருக்கும் வரைவு)

ஈஸ்டருக்கு அடுத்த வாரம். பெல்ஃபோர்ட் என்ற புலனாய்வாளர் வந்தார். முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் துணை அதிகாரியாக இருந்தவர். சமையலறையில் உட்கார்ந்ததும் தன் நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார், வயிற்றுக்காக. பக்கத்து வீட்டார் கொடுத்த ஹாம், கீரை அடைத்து வேகவைத்த பன்றித் தொடை, நிறைய இருந்தது. அந்தக் கீரையும் கடுகும் காரமும் வீடு முழுக்க மணந்தது.

"ஒரு சாண்ட்விச் தரட்டுமா, சார்?"

"வாசனையைப் பாத்தா வேணும்னுதான் தோணுது. வாங்கக்கூடாது."

"காபி?"

"அதுவும் கூடாது. தண்ணி குடுத்தா சட்டத்துக்கு வருத்தமில்ல."

தண்ணீர் கொடுத்தேன். கொரின் இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். பழைய முகவரிகள், வெளிநாட்டுப் பயணம், குடி, நண்பர்கள். எல்லாம் வேகமாகப் போயிற்று. பணத்துக்கு வந்தார்.

"பிப்ரவரியில படிவம் குடுத்தீங்க. அதுக்கப்புறம் மாறியிருக்கா ஏதாவது? பாக்கி, வசூல்காரங்ககிட்ட போனது?"

"இல்ல."

அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு ஹாமைப் பார்த்தார்.

"வீட்டுல உடம்பு முடியாம இருக்காங்க. இந்த மாதிரி நேரத்துல பில்லு தவறுறது சகஜம். நானும் பாத்திருக்கேன். சொன்னா தப்பே இல்ல. சொல்லாம விட்டாத்தான் தொந்தரவு. அதான் ரெண்டாவது தடவை கேக்குறேன்."

கதவைத் திறந்துவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல அவர் கேட்டார். நான் உள்ளே போகவில்லை.

"எதுவும் இல்ல, சார்."

எழுதிக்கொண்டார். அடுத்த அறையில் நாற்காலி முனகிக்கொண்டே எழும்பத் தொடங்கியது. பெல்ஃபோர்ட் ஏனென்று தெரியாமலே காகிதங்களை அடுக்கி எழுந்தார்.

2.அ (மேலே உள்ளது தவறு)

கவனித்திருப்பீர்கள். கதவைச் சாத்தினேன் என்று எழுதினேன். பிறகு நாற்காலிச் சத்தம் கேட்டது என்று எழுதினேன். அது கனமான ஓக் கதவு, கொரினின் அப்பா செய்தது. சாத்தினால் அந்த முனகல் சமையலறைக்கு வராது. வரவே வராது. நான் அதிர்வு படித்துச் சம்பளம் வாங்கியவன், இதில் தவறமாட்டேன்.

சத்தத்தை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். காட்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெல்ஃபோர்ட் எழுந்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. கதை முழுவதும் அவரை அந்த மேசையிலேயே உட்காரவைத்திருக்க வேண்டியிருந்தது, கையில் பேனாவோடு, மூன்றாவது தடவை கேட்கத் தயாராக.

சத்தத்தை வைத்துக்கொண்டால் கதவைத் திறக்க வேண்டும்.

வக்கீலிடம் சாத்தியிருந்தது என்றேன். ட்வயரிடமும் அப்படியே சொன்னேன். ஒவ்வொரு வரைவிலும் சாத்துகிறேன். ஏனென்றால் அது திறந்திருந்தால் அவள் கேட்டிருக்கிறாள். முதல் ‘இல்ல’வையும், அவர் நல்ல மனிதராக விளக்கிச் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் சொன்ன இரண்டாவதையும். மடியில் வைத்துக் கூட்டிப் பார்த்த தொகை மனதில் இருக்க, கேட்டிருக்கிறாள். பிறகு பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

யாரை அனுப்புவதற்கு அழுத்தினாள்? அவரையா? என்னைக் காப்பாற்றவா? அல்லது எனக்குத்தானா, போதும் என்று?

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். நாற்காலி முழு உயரத்துக்கு எழும்பியிருந்தது. அவள் சாய்ந்து நின்ற மாதிரி இருந்தாள், போர்வை காலடியில். கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. நாற்காலியைக் கீழே இறக்கினேன். அன்று மாலை நர்ஸ் மருந்தின் அளவைக் கூட்டினார். அதன் பிறகு கொரின் பேசவில்லை. அந்த வாரமே இறந்தாள்.

2.அ (முடிவுகள்)

மறுக்கிறேன் என்று எழுதினால்: வக்கீல் கேட்பார், நான் பதில் சொல்வேன். பில்லெல்லாம் கொரினிடம் இருந்தன, சொல்லவில்லை. நீதிபதி அனுதாபத்தோடு தலையசைப்பார். தீர்ப்பை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள், பெயர்களை எடுத்துவிட்டு. அதில் நான் ‘விண்ணப்பதாரர்’. அவள் ‘விண்ணப்பதாரரின் மறைந்த மனைவி’. தீர்ப்பு எழுதுகிறவருக்கு என்னைவிட நல்ல நடை. ‘மறைந்த மனைவி கடன்களைக் கணவரிடமிருந்து மறைத்துவந்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். என் அட்டையின் நிறம் மாறும். மணி அடிக்காமல் அறைக்குள் போவேன். விளக்கு சுழலாது. தாடியஸ் ஷூ லேஸ் கட்டவேண்டியதில்லை. நல்ல முடிவு. இதைப் பல தடவை எழுதிப் பார்த்தேன், கை தயங்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினால்: ஏன் என்று கேட்பார்கள். கதவு திறந்திருந்தது என்று சொல்ல வேண்டும். யாரும் கேட்கக்கூடாத விசாரணையை மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் தெரிந்தே. பொய்க்கு மேல் இன்னொரு மீறல். சாட்சி இல்லை. மனைவி இறந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு காரணம் கொண்டுவருவார்கள் என்று அரசுத் தரப்பு சொல்லும். அது நியாயம். வேலை போகும். வீடு போகும். நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடையில் கேட்டேன். ஆள் உட்கார்ந்ததை எடுப்பதில்லையாம்.

மூன்றாவது முடிவில் நான் விசாரணை மன்றத்தில் எழுந்து

[இல்லை. அப்படி யாரும் எழுவதில்லை. உட்கார்ந்துகொண்டேதான் பேசச் சொல்வார்கள்.]

உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 2.அ-வுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. ஒரு சொல்தான் வேண்டும். உங்களுக்கு இந்த ஊரில் வீடு இல்லை, அவளை உங்களுக்குத் தெரியாது, சுலபமாக எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் ஒன்று மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். இதை வக்கீலிடம் தரவில்லை. ட்வயரிடமும் தரவில்லை. நான் எழுதிய எமெட்டின் மனைவி கடைசியாகப் பேசிய வாக்கியம் நீளமானது, மன்னிப்பு நிறைந்தது, அரைப்புள்ளிகூட இருந்தது. கொரின் அப்படியெல்லாம் பேசவில்லை.

நடந்தது இது. பெல்ஃபோர்ட் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இது தனியாப் பேசுற விஷயம். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடலாமா?" என்றார். எழுந்து போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கதவை இழுத்தேன். பாதிவரை வந்தது. அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவரிடம், "மருந்துல இருக்காங்க, எதுவும் கேக்காது" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான். கடிதத்தில் அதற்கு எண் இல்லை.

கதவைப் பாதியில் விட்டதற்குக் காரணம், அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னது:

"சாத்தாத, நோலன். நீ என்ன சொல்றேன்னு எனக்குக் கேக்கணும்."